காலி ஸ்ட்ரெச்சர்

பள்ளி மைதானத்தில் ஓடும்போதே சுருண்டு விழுந்த ஏழு வயதுச் சிறுமியின் நெஞ்சை, ஆம்புலன்ஸ் செவிலி வழிநெடுக அழுத்திக்கொண்டே வந்தாள். மருத்துவமனையில் கைவிரித்துவிட்டார்கள். விழுந்தவுடனேயே யாராவது அழுத்தியிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர்.

மறுநாள் காலை வண்டியைக் கழுவித் துடைத்த பிறகு, செவிலி இதயத்துடிப்பு காட்டும் கருவியைச் சோதிக்கப் போட்டாள். அதன் வயர்கள் யார் உடம்பிலும் ஒட்டியிருக்கவில்லை. ஆனால் திரை தொண்ணூற்றாறு என்று காட்டியது.

"மெஷின் மக்கர் பண்ணுது சிஸ்டர். அணைச்சிடுங்க," என்றார் டிரைவர்.

"எப்படிண்ணே அணைக்கிறது? துடிக்குதே!"

எண் இறங்கத் தொடங்கியது. அறுபது. நாற்பது. அவள் மண்டியிட்டு, காலியாகக் கிடந்த ஸ்ட்ரெச்சரை இரு கைகளாலும் அழுத்தினாள்.

டிரைவர் பின்கதவைச் சாத்தினார். பிறகு முன்னால் ஏறி, சைரனைப் போட்டு வண்டியைக் கிளப்பினார்.