எங்க வீட்டுது

"டாக்டர், எங்க வீட்டுது ஆட்டு மருந்தைக் குடிச்சிருச்சு."

ஆட்டுக்காரரின் மனைவி மூச்சிரைக்க வந்து, குடற்பூச்சி மருந்து பாட்டிலை மேசைமேல் வைத்தாள். கால்நடை மருத்துவர் அதை எடுத்துத் திருப்பிப் பெயரைப் படித்தார்.

போன வாரம்தான் ஆட்டுக்காரர் இதே இடத்தில் நின்று கேட்டிருந்தார்: "நாய் மாத்திரை விக்கிற விலை நமக்குக் கட்டாது டாக்டர். ஆட்டுக்கு ஊத்தறதுல கொஞ்சம் மந்தை நாய்க்கும் ஊத்தினா என்ன?"

வாசலில் பத்து மாடு காத்திருந்த நேரம். "எல்லா ஆட்டு மருந்தும் நாய்க்கு ஆகாது. கூட்டிட்டு வாங்க, எடை பார்த்துச் சொல்றேன்" என்று, எழுதிக்கொண்டே சொல்லி அனுப்பிவிட்டார். முகத்தைப் பார்த்து இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். இதே மருந்தைக் குடித்த ஒரு நாய் கண் தெரியாமல் சுவரில் முட்டி முட்டிச் செத்ததைப் பார்த்தவர் அவர்.

"எவ்வளவு உள்ளே போச்சு?"

"ஒரு மூடி. பெரிய கிடாவுக்கு ஊத்தற அளவு."

"எப்போ?"

"ஆட்டைத் திறந்துவிடறதுக்கு முன்னாடி. ஒரு மணி நேரம் இருக்கும்."

"தள்ளாடுதா?"

"எழுந்தாத்தானே தள்ளாட? ரெண்டு தடவை வாந்தி. இப்ப சுருண்டு கிடக்கு. வயித்தைத் தொடவிட மாட்டேங்குது."

"எடை என்ன இருக்கும்?"

"யாரு போட்டுப் பார்த்தா? எலும்பை எண்ணிடலாம், அவ்வளவுதான்."

"தூக்கி ஒரு வண்டியில போட்டுக் கொண்டு வந்திருக்கலாமேம்மா."

"கிட்டப் போனாலே வள்ளுன்னு விழுது டாக்டர். நான் ஒருத்தி என்ன பண்ண?"

அவர் ஊசி, மருந்து, வாய்ப்பூட்டு எல்லாவற்றையும் பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். பின்னால் உட்கார்ந்தவள் வழியெல்லாம் மூக்கை உறிஞ்சினாள்.

"பொழைச்சிருமா டாக்டர்? அது இல்லாம நூறு ஆட்டை வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

"போய்ப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்" என்றார். பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

பட்டி வாசலில் வண்டி நின்றதுதான் தாமதம், மந்தை நாய் பாய்ந்து வந்து அவரைச் சுற்றிச் சுற்றிக் குரைத்தது. கண்ணில் தெளிவு. காலில் துளி நடுக்கம் இல்லை. கையில் வாய்ப்பூட்டோடு அவர் திகைத்து நின்றார்.

"இது நல்லாத்தானேம்மா இருக்கு?"

"அதுக்கு என்ன கேடு? நீங்க உள்ளே வாங்க டாக்டர்" என்று அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

கட்டிலில் வயிற்றைப் பிடித்தபடி சுருண்டு கிடந்த ஆட்டுக்காரர் மெல்லத் தலையைத் தூக்கினார்.

"நாய்க்கு ஒத்துக்குமான்னு நான் முதல்ல குடிச்சுப் பார்த்தேன் டாக்டர். எனக்கு ஒண்ணு ஆனா மந்தையை அது பார்த்துக்கும்; அதுக்கு ஒண்ணு ஆனா, என்னால பார்த்துக்க முடியுமா?"