கதவுக்குக் கேட்ட இருமல்

இப்போதெல்லாம் வாசல் கதவுக்கே காது இருக்கிறது. அதன் பக்கத்தில் யாராவது மூன்று தடவை இருமினால் பூட்டிக்கொள்ளும். ஒரு வாரத்துக்கு வீட்டிலிருந்து யாரும் வெளியே போக முடியாது.

கொரோனா வருஷத்தில் இப்படிக் கதவு கிடையாது, போலீஸ்தான் விரட்டும். ஈஸ்டர் ஆராதனையை செல்போனில் பார்த்துவிட்டு, நாளெல்லாம் கேரம் ஆடினோம். பவுடர் தீர்ந்ததும் அரிசி மாவைத் தூவினோம். மாவை வீணாக்குகிறோம் என்று கத்திய என் மனைவியே கடைசியில் உட்கார்ந்து சிவப்புக் காயைப் போட்டாள். ஊரே செத்துப் பிழைத்த நாட்களுக்கு ஏங்குவது பாவம்தான். ஆனாலும் ஏங்குகிறேன்.

அவள் இல்லாத இந்த வீட்டுக்கு நேற்று ஈஸ்டருக்கு வந்த மகள் ஜெனிதா, இன்று பெட்டியோடு கிளம்பிவிட்டாள். எனக்குத் தொண்டை வரை இருமல் வந்தது. அவளுக்கு வேலை இருக்கிறதே என்று விழுங்கிவிட்டேன்.

"வாரேம்ப்பா" என்றவள், சுவரில் சாய்த்திருந்த கேரம் போர்டைப் பார்த்து நின்றாள். பிறகு கதவுக்கு நேராகத் திரும்பி, நிதானமாக மூன்று தடவை இருமினாள்.

பூட்டு விழுந்தது.

"அரிசி மாவு எங்கப்பா இருக்கு?" என்றாள்.