சுற்றாத வட்டம்

“நீங்க பண்ணிக் குடுத்த வேலை சரியில்ல மாப்ள. ஒரு போட்டோவை முடிக்க அரை நாள் ஆகுது.”

போனில் மச்சான் இப்படிக் கடுகடுத்ததும் கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. படத்தைத் திருத்தும் சாஃப்ட்வேர் ஆமையாய் நகர்கிறதென்று அவர் புலம்பியதால்தானே, போன வாரம் ஸ்டுடியோவுக்குப் போய் பழைய மெமரியைக் கழற்றிவிட்டுப் பெரிதாக ஒன்றைப் போட்டுவிட்டு வந்தான்?

போட்டது போட்டபடி கிளம்பினான். ஸ்டுடியோவில் மச்சானின் பக்கத்து நாற்காலியில், மடியில் கைப்பையோடு ஒரு பெண்மணி இருந்தார். திரையில் அவருடைய படம். மெக்கானிக் மவுஸை வாங்கி ஒரு மருவை அழித்துப் பார்த்தான். தொட்டதும் மறைந்தது.

“பறக்குதே மச்சான். இதுல என்ன குறை?”

“அதான் குறை. முன்னாடி எதை மாத்தினாலும் வட்டம் சுத்திக்கிட்டே நிக்கும். வந்தவங்க சலிச்சுப்போய், இதுவே போதும்னு வாங்கிட்டுப் போயிடுவாங்க. இப்போ...”

“அந்த மருவைத் திரும்ப வைங்க,” என்றார் பெண்மணி. “மூக்கை மட்டும் இன்னும் கொஞ்சம் குறைச்சுப் பார்ப்போம். உடனே வந்துடுதே.”

மச்சான் குரலைத் தாழ்த்தினார்.

“பழைய மெமரியைத் தூக்கிப் போட்டுடலையே மாப்ள?”