பிரிக்காத பெட்டி

தையல்காரியின் வீட்டில், சோலாரில் மிஞ்சி வெளியே லைனுக்குப் போகும் மின்சாரத்தையும் கணக்கெடுக்கும் புது மீட்டரை மின்வாரியத்தார் மாட்டிவிட்டுப் போனார்கள். சோலார் பேனலை இணைக்க மட்டும் அனுமதி தராமல் இழுத்தடித்தார்கள். ஆபீசுக்கு நடையாய் நடந்து அவளுக்குச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். பேனல் கட்டிலுக்கடியில் பெட்டியோடு கிடந்தது.

ஆனால் வெளியே போன மின்சாரத்தின் கணக்கு மீட்டரில் தினமும் ஏறிக்கொண்டிருந்தது.

மொட்டைமாடியைத் துழாவிவிட்டு இறங்கிவந்த மின்வாரிய என்ஜினீயர் உறுமினார். "திருட்டுத்தனமா மாட்டிட்டு, எங்கம்மா ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"ஒளிக்கிறதுக்கு அது என்ன ஊசியா சார்? கட்டிலுக்கடியில பாருங்க. நீங்க அனுமதி தரல, நான் பெட்டியையே பிரிக்கல."

அவரே பெட்டியை இழுத்து டேப்பைக் கிழித்தார். கண்ணாடியைத் தொட்டவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். வெயிலில் கிடந்த தகரம்போல அது சுட்டது. ஓரத்தில் காக்கை எச்சம், இன்னும் காயாமல்.

"இது எப்படிம்மா?"

"உங்க கையெழுத்துக்காக நான் பொறுத்தேன், அது பொறுக்கல. முடிஞ்சா நீங்களே நிறுத்திட்டுப் போங்க."

பெட்டியை மூடி, புது டேப்பை இழுத்து ஒட்டி, காலால் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு அவள் மெஷினில் உட்கார்ந்தாள்.

என்ஜினீயர் நகரவில்லை. ஒட்டிய பெட்டிக்குள் ஒரு காக்கை வந்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு அது கண்ணாடியில் நகம் உரச நடந்தது.