காற்சட்டையை இறக்கிய குள்ளன்

ஓட்மார் கிரென்ஸ் ஒருமுறை சொன்ன சொல்லை மாற்றாதவர். காலை உணவுக்கு முட்டை வேகும் நேரத்தைக் கைக்கடிகாரம் பார்த்தே கணிப்பார். காலிப் புட்டிகளை நிறவாரியாகப் பிரித்த பின்னரே தொட்டியில் இடுவார். இணையச் சந்தையில் அவர் விற்கும் பழம்பொருள்களின் கீழும் ஒரு வரி தவறாமல் இருக்கும்: ‘தனியார் விற்பனை. விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.’

லைப்சிக் நகரில் அவர் வசித்த பகுதியில் அவரை அறிந்தவர் பலர். ஆதலால், மனைவியின் தம்பி பிறந்தநாள் பரிசாகக் கொடுத்த தோட்டக் குள்ளனை மட்டும் அவர் புனைபெயரில் விற்றார். முழங்கால் உயரமுள்ள அந்தச் சுடுமண் பொம்மை, காற்சட்டையை இறக்கிவிட்டு, வருவோர் போவோர்க்கெல்லாம் பின்புறத்தைக் காட்டி நின்றது.

வாங்கியவரின் புனைபெயர் ‘முள்ளங்கி’. இருவரும் முகம் காணாமலேயே, அஞ்சல் பெட்டகத்தின் வழியாகப் பொம்மை கைமாறியது. அன்றிலிருந்து பணத்தைத் திருப்பிக் கேட்டுச் செய்திகள் வந்தவண்ணம் இருந்தன. குல்லாய் படத்தில் கண்டதைவிடச் சிவப்பு என்பது முதல் குற்றச்சாட்டு. குள்ளன் தம்மையே ஓரக்கண்ணால் பார்க்கிறான் என்பது இரண்டாவது.

வெள்ளிக்கிழமை மாலை, ரொட்டியும் ஊறுகாய் வெள்ளரியுமாக உண்டுகொண்டிருக்கையில் கைப்பேசி மீண்டும் ஒலித்தது.

“மறுபடியும் முள்ளங்கிதான்,” என்றார் மனைவி ரோஸ்வித்தா.

“படி. என் கண்ணாடி மாடியில இருக்கு.”

“‘நாப்பது யூரோவையும் திருப்பித் தாங்க. குள்ளன் வந்ததுலேர்ந்து என் தக்காளி சிவக்கவே மாட்டேங்குது. அதுக்கு நஷ்டஈடு தனி.’”

“அந்தப் பின்புறத்தப் பாத்து வெக்கப்பட்டா, இன்னும் சீக்கிரமால்ல சிவக்கணும்?”

“இன்னும் இருக்கு, கேளு. ‘விதிக்குப் புறம்பான அலங்காரத்த எடுங்கன்னு எங்க தோட்டச் சங்கத்துலேர்ந்து நோட்டீஸ் வந்திருக்கு. எடுக்கலன்னா எனக்கு வாடகைக்கு விட்ட தோட்டத்தையே பிடுங்கிக்குவாங்களாம். ஆகவே இது குறையுள்ள பொம்மை. எடுத்துக்கிட்டுப் போங்க.’” ரோஸ்வித்தா கைப்பேசியைக் கீழே வைத்தார். “பாவம், ஓட்மார். திருப்பி வாங்கிக்கோயேன்.”

“வாங்கி என்ன பண்றது?”

“நம்ம வாசல்ல வைப்போம். குள்ளன் எங்கன்னு என் தம்பியும் வர்றப்பல்லாம் கேட்டுக்கிட்டே இருக்கான்.”

ஓட்மாரின் முகம் வெளிறியது. அந்தப் பின்புறம் தம் வாசலில் நிற்பதை அக்கம்பக்கத்தார் காண்பதைவிட, ஊரை விட்டே போய்விடுவது மேல் என்று அவருக்குத் தோன்றியது.

“நான் சொல்றத எழுது,” என்றார். “‘பொம்மையில குறையில்ல. குறை உங்க சங்கத் தலைவரோட தலையில. கையில ஒரு முத்திரை கிடைச்சிட்டா, சில பேரு தன்னச் சக்கரவர்த்தின்னு நினைச்சுக்குவாங்க. நாளைக்கே நேர்ல போங்க. குள்ளன் துணி உடுத்தணும்னு எந்த விதியில இருக்குன்னு கேளுங்க. மனுஷன் முழிப்பாரு. இவங்கல்லாம் அடுத்தவங்க எழுதிக் கொடுத்ததப் படிக்காமலே கையெழுத்துப் போடுறவங்க.’”

“அவ்வளவு நிச்சயமா உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியும்.”

ரோஸ்வித்தா கணவரை ஒரு கணம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு செய்தியை அனுப்பிவிட்டு, இன்னொரு வெள்ளரிக்காயை எடுத்துக் கடித்தார்.

மறுநாள் காலை, முள்ளங்கி என்ற புனைபெயருக்குரிய எல்கே டிட்மான் அம்மையார், தமது தோட்டச் சங்கத் தலைவரின் அறைக்குள் நுழைந்தார். நாற்காலி காட்டப்படும் வரை அவர் காத்திருக்கவில்லை.

“நோட்டீஸ் வந்துச்சு, ஐயா. குள்ளன் துணி உடுத்தணும்னு எந்த விதியில இருக்கு?”

தலைவர் முழித்தார். “எந்தக் குள்ளன்?”

“என் தோட்டத்துல நிக்கிறவன். எடுங்கன்னு நீங்கதான கையெழுத்துப் போட்டிருக்கீங்க?”

“சுத்திப் பாக்கப் போனவங்க எழுதிக் கொடுத்தாங்க. அதுல அலங்காரம்னுதான்...”

“படிக்காமலே போட்டுட்டீங்க. அதையும் அவரு சொன்னாரு.”

“எவரு?”

“எனக்கு வித்தவரு. நல்ல மனுஷன்னு சொல்ல மாட்டேன், நாப்பது யூரோவத் தர மாட்டேங்குறாரு. ஆனா உங்கள அப்படியே புட்டுப் புட்டு வச்சிருக்காரு. படிக்கிறேன், கேளுங்க. ‘குறை உங்க சங்கத் தலைவரோட தலையில...’”

“போதும்.”

“சக்கரவர்த்தி வரைக்குமாவது படிச்சிடுறேனே.”

“போதும்னு சொன்னேன்ல.”

அம்மையார் கைப்பேசியில் குள்ளனின் படத்தைத் திறந்து மேசைமேல் வைத்தார். “நீங்களே பாத்துச் சொல்லுங்க. எடுக்கணும்னா எடுத்துடுறேன். ஆனா அந்த ஆளு எங்க இருக்காருன்னு எப்படியாவது கண்டுபிடிச்சு, அவரு வாசல்லயே சிமெண்டு போட்டு நட்டுட்டு வருவேன்.”

தலைவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். பின்னர், மேசைமேல் இருந்த முத்திரையை எடுத்து, ஓசைப்படாமல் இழுப்பறையில் வைத்து மூடினார்.

“குள்ளன் அங்கயே நிக்கட்டும், அம்மா,” என்றார் தாழ்ந்த குரலில். “வித்தத நான் திருப்பி வாங்குறதில்ல.”