இரட்டை மெழுகுதிரி

'என்ரை பிள்ளையை மெழுகிலை செய்து வைச்சிருக்கிறாள்.'

அந்த நினைப்பு வந்ததும் அருமைநாயகிக்குக் கால் நகரவில்லை. கோயிலுக்குப் போகச் சுற்றிய செபமாலை கையிலேயே இருக்க, பின்னறை மேசையை வெறித்துப் பார்த்தாள். சாண் உயரத்தில் இரண்டு மெழுகுப் பொம்மைகள், ஆணொன்று, பெண்ணொன்று. இரண்டையும் சேர்த்து இடுப்பில் ஒரு சிவப்பு நூல்.

ஆணின் முதுகில் ஊசியால் கீறியிருந்தது இங்கிலீசு. அது அவளுக்கு வாசிக்க வராது. ஆனால் கீழேயிருந்த இலக்கங்கள் விளங்கின. இருபத்தைந்து, ஏழு, எண்பத்தெட்டு. யாகப்பர் திருநாளன்று பூசை மணி அடிக்கும்போது அவள் பெற்ற ஒரே பிள்ளை, றஜிந்தன்.

அவன் பிரான்சுக்குப் போய் நாலு வருடம். மனைவியைக் கூப்பிட விசா அலுவல் நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். முன்பெல்லாம் நாள் தவறாமல் போன் எடுத்தவன், இப்போது ஞாயிற்றுக்கிழமையில் மட்டும், அதுவும் குரலைத் தாழ்த்தி நாலு வார்த்தை கதைத்துவிட்டு வைத்துவிடுகிறான். அவன் இப்படி ஆனதும் இங்கே மருமகள் ஜெசிதா இந்த வேலையைத் தொடங்கியதும் ஒரே காலம். அதை அருமைநாயகி எப்போதோ கணக்குப் பார்த்து வைத்திருந்தாள்.

ஜெர்மனியில் இருக்கும் ஒன்றுவிட்ட அக்கா இன்ரநெற்றில் ஓடர் பிடித்து அனுப்புவாள். ஜெசிதா வீட்டிலேயே செய்து பெட்டி கட்டுவாள். பிறை வடிவில் மெழுகுதிரி, காய்ந்த துளசியையும் வேப்பிலையையும் சேர்த்துச் சுற்றிய புகைக்கட்டு, கொம்பு வைத்த மனிதன்.

கொம்பைக் கண்ட அன்றே அருமைநாயகி கேட்டிருந்தாள்.

"உது சாத்தானெல்லே, பிள்ளை?"

"இல்லை மாமி, காட்டுச் சாமி. கிறிஸ்து வேதம் வர முந்தி அங்கை இருந்த ஆக்கள் கும்பிட்டது. இப்ப திரும்பக் கும்பிடினம்."

"வெள்ளையளுக்கு வேறை வேலையில்லை."

"வெள்ளையள் மட்டுமில்லை மாமி. இப்ப எங்கடை ஆக்களும் ஓடர் தருகினம்."

அதன்பிறகு ஒருநாள் யாரும் பார்க்காத நேரத்தில் பெட்டிகளுக்கு மேலே தீர்த்தம் தெளித்தாள். விலாசத்து மை கரைந்து ஓடியதுதான் மிச்சம். ஜெசிதா ஒன்றும் கேட்காமல் திரும்ப இருந்து எழுதினாள். அந்த மௌனம்தான் அருமைநாயகிக்கு அதிகம் பயமாக இருந்தது.

சோடியாய்க் கட்டிய மெழுகுதிரி எதற்கென்றும் ஜெசிதாவே ஒருமுறை சொல்லியிருந்தாள். இரண்டையும் கொளுத்தி வைப்பார்களாம். எரிந்து இறங்கி நடுவிலுள்ள நூல் அறும்போது, அந்த இரண்டு பேருக்கும் இடையிலுள்ள உறவும் அறுந்துபோகுமாம்.

'அப்ப இந்தப் பொம்பிளை ஆர்? நானோ? என்னையோ அவனிட்டையிருந்து அறுக்கப் பாக்கிறாள்?'

சோடியைத் தூக்கித் திருப்பினாள். பெண்ணின் முதுகில் இருபத்துநாலு, பன்னிரண்டு, தொண்ணூற்றிரண்டு. நத்தாருக்கு முதல்நாள். வருடா வருடம் அவளே கேக் வாங்கி வந்து மருமகளுக்கு வெட்டிக் கொடுக்கும் நாள்.

தான் இல்லை என்று ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. அப்படி ஆறுதல்பட்டதற்கு வெட்கப்படவும் நேரமில்லாமல், அடுத்த பயம் வந்து அமர்ந்துகொண்டது.

ஜெசிதா வெறும் பெட்டியொன்றோடு உள்ளே வந்தாள். கண்மடல்கள் வீங்கியிருந்தன. மாமியின் கையைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"இது ஆர்?"

ஜெசிதா பெட்டியை மேசையில் வைத்தாள்.

"நான் இங்கிலீசு படிக்காதவள்தான். ஆனா பெத்த நாளை மறக்கிற விசரியில்லை. இது அவன். மற்றது நீ. ஓமோ இல்லையோ?"

"ஓம், மாமி."

இல்லை என்று சாதிப்பாள், அழுவாள் என்று எதிர்பார்த்திருந்தவளை அந்த ஓம் இன்னும் கிளறிவிட்டது.

"அவன் வேண்டாமெண்டா வாயாலை சொல்லியிருக்கலாமே? அங்கை ஆரோ சாப்பிட்ட கோப்பை கழுவிக்கொண்டு குளிருக்கை நிக்கிறான். ஆருக்காக? உனக்காக! நீ இஞ்சை இருந்து நூல் கட்டுறாய். ஆரடி மற்றவன்? பார்சல் எடுக்க வாறவனோ?"

"அவருக்கு அறுபது வயசு, மாமி."

"பகிடி விடாதை! விசா வந்தா நீ போய்ச் சேருவாய், பேரப்பிள்ளையைக் காணலாமெண்டு நான் மண்டியிட்டுச் செபிக்கிறன். நீ அவனை வெட்டி விடுறியோ?" பக்கத்து அடுப்பில் மெழுகு உருகிக்கொண்டிருந்த சட்டியைக் காட்டினாள். "இந்தா, சட்டி கிடக்குது. என்ரை கண்ணுக்கு முன்னாலை ரெண்டையும் உதுக்குள்ளை போட்டு உருக்கு. நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். அவனுக்கும் சொல்ல மாட்டன். உருக்கு, பிள்ளை."

ஜெசிதா மாமியின் விரல்களை ஒவ்வொன்றாய் விலக்கிச் சோடியை வாங்கினாள். தளர்ந்திருந்த நூலை இறுக்கிவிட்டாள். மெழுகில் பதிந்திருந்த மாமியின் கைரேகையைத் துணியால் துடைத்து, மெல்லிய தாளில் சுற்றி, பெட்டிக்குள் கிடத்தினாள்.

"ஏலாது, மாமி. இது பிரான்சிலை அவரோடை குடும்பமா இருக்கிற பொம்பிளை தந்த ஓடர்."