சிலுவையை மறைக்கும் பனை

2023 மார்ச் 14ஆம் திகதி காலை, ஊர்காவற்றுறைத் தீவின் தென்கரையிலிருந்து அரைக் கிலோமீற்றர் தள்ளி, நான்கு ஏக்கர் கடல் கட்டை நட்டு வலையால் அடைக்கப்பட்டது. கடலட்டை வளர்க்கும் பண்ணை.

"கடலுக்கு வேலி அடைக்க உங்களுக்கு ஆர் அதிகாரம் தந்தது?"

இரண்டு நாள் கழித்து, கடற்றொழிலாளர் சங்கத்தின் வாசலில் நின்று இப்படிக் கேட்டவர் டெனிஸ்ரன் மாஸ்ரர். பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டு, தகப்பன் யாக்கோப்பை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். கையில் நான்கு பக்க ஆட்சேபக் கடிதம். ஊரில் வாழ்த்துரை என்றாலும் கண்ணீர் அஞ்சலி என்றாலும் அவர் எழுதினால்தான் எடுபடும்.

சங்கச் செயலாளர் அன்ரனிட்டா கதிரையை இழுத்துப் போட்டார். யாக்கோப்பு இருந்தார். மாஸ்ரர் இருக்கவில்லை.

"அதிகாரம் எங்களிட்டை இல்லை, சேர். மேலை இருந்து கடிதம் வந்தது. நாங்கள் கூட்டத்திலை வாசிச்சுக் காட்டினது மட்டும்தான்."

"வாசிச்சு முடியக் கை தட்டினவையோ?"

எழுபத்துநான்கு வயதிலும் யாக்கோப்பு தனியே வள்ளம் எடுப்பவர். தூரக் கடலுக்குப் போக உடம்பு விடாது. மகனிடம் கை நீட்டவும் மாட்டார். அடைபட்ட அந்தத் துண்டுக் கடலில் பிடிபடும் மீனில்தான் அவருடைய சீவியம். முந்தின நாள் காலை பண்ணைக் காவலாளி கம்பை ஓங்கி அவரைத் திருப்பி அனுப்பியிருந்தான்.

அதை மாஸ்ரர் சொன்னார். பிறகு எட்டு வயதில் அப்பாவோடு முதன்முதல் அங்கே போனதைச் சொன்னார். தூண்டிலில் அகப்பட்ட முதல் மீன் ஓரா. அதைக் கழற்றப்போய் முள் குத்தி அவர் அலற, அப்பா அவருடைய பெருவிரலை வாயில் வைத்து உறிஞ்சித் துப்பினாராம். வீட்டில் சொல்லாதே, அம்மா பிறகு உன்னை விடமாட்டா என்றாராம். மாஸ்ரர் பெருவிரலை மேசைக்கு மேலே நீட்டிக் காட்டினார். அதில் எதுவும் தெரியவில்லை.

"அந்த இடம் எதெண்டு எங்கட அம்மாவுக்கே தெரியாது. கரையிலை அடையாளம் இருக்கு. ஒண்டு…"

யாக்கோப்பு இருமினார். மாஸ்ரர் நிறுத்திக்கொண்டார். வேலி அடைத்த பிறகும் கிழவருக்கு அந்த இரகசியத்தைக் காக்கும் பழக்கம் விடவில்லை.

"அப்ப இவங்களுக்கு ஆர் காட்டினது? இவ்வளவு கடல் கிடக்க, நேரா எங்கட இடத்திலை வந்து கட்டை நட்டவங்கள். ஊருக்குள்ளை ஒருத்தன் சொல்லாமல் நடக்குமோ?"

அந்த ஒருத்தன் யார் என்பதில் மாஸ்ரருக்குச் சந்தேகமில்லை. கட்டை நட்ட கூலியாட்களில் யாக்கோப்பின் தங்கை மகன் றஜீபனும் இருந்தான். முந்தின நாள் துறையில் பத்துப் பேர் பார்க்க, மாஸ்ரர் அவனுடைய சேட்டுக் கொலரைப் பிடித்துக் கேட்டிருந்தார். நடச் சொன்ன இடத்தில் நட்டேன், வேறொன்றும் அறியேன் என்று அவன் மாதாவின் மேல் ஆணையிட்டான். யாக்கோப்பு மருமகனின் முகத்தைப் பார்க்காமல் காறித் துப்பிவிட்டு வந்தார்.

"ஒரு போத்தல் சாராயத்துக்கு வித்துப்போட்டான்," என்றார் மாஸ்ரர்.

"றஜீபன் குடிக்கிறேல்லை, சேர்."

"அப்ப வேறை ஏதோ வாங்கியிருப்பான். ஃபைலை எடும். ஆர் சொன்னதெண்டு அதிலை இருக்குந்தானே? அப்பாவுக்கு முன்னாலை அந்தப் பேரை வாசியும்."

அன்ரனிட்டா அசையவில்லை. "வேண்டாம், சேர். கடிதத்தைத் தந்திட்டுப் போங்கோ. நான் இண்டைக்கே அனுப்பிவிடுறன்."

"ஏன் ஒளிக்கிறீர்? உமக்கும் பங்கோ?"

அன்ரனிட்டாவின் முகம் மாறியது. எழுந்து அலுமாரியைத் திறந்து ஃபைலை எடுத்து மேசையில் வைத்தார். பண்ணைக்கு அனுமதி கொடுக்க, கடலட்டை தானாகவே விளையும் இடம் என்பதற்கு மேலிடம் எழுத்தில் ஆதாரம் கேட்டிருந்தது என்றும், பண்ணைக்காரர்கள் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதைப் பார்த்தே இடத்தைக் குறித்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். அச்சடித்த பக்கமொன்றின் படப்பிரதி அது. மூலையில் ஒரு வள்ளத்தின் படம்.

எழுத வாசிக்கத் தெரியாத யாக்கோப்பு படத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது என்ர வள்ளமெல்லே?"

மாஸ்ரர் தாளைப் பார்த்தார்.

"நீ வாசி, பிள்ளை," என்றார் யாக்கோப்பு அன்ரனிட்டாவிடம்.

அன்ரனிட்டா வாசித்தார். "கோபுரச் சிலுவையை ஒற்றைப் பனை மறைக்கும், அதே நேரம் கிழக்கே பழைய சுண்ணாம்புச் சூளை எட்டிப் பார்க்கும். அங்கேதான் அப்பா கோலை ஊன்றி வள்ளத்தை நிறுத்துவார். முழங்காலளவு தண்ணீர். பஞ்சுபோன்ற சேறு. இறங்கினால் காலை வைக்க இடமில்லாமல் அட்டைகள் கிடக்கும். என் பாதம் கூசும். அப்பா சிரிப்பார்…"

யாக்கோப்பு கையை உயர்த்தினார்.

"காணும். ஆர் எழுதினது?"

அன்ரனிட்டா மாஸ்ரரைப் பார்த்தார். அவர் கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

"போன வருசக் கோயில் திருவிழா மலர், அப்பு. கட்டுரைக்குப் பேர் 'அப்பாவும் நானும் தூண்டிலும்'. எழுதினது, ஆசிரியர் யா. டெனிஸ்ரன்."

யாக்கோப்பு மகனின் மோட்டார் சைக்கிளில் ஏறவில்லை. றஜீபனின் வீட்டுக்கு நடந்து போனார்.